வேலைக்குப் போகும் அம்மாவின் தீபாவளி: ஆறு வாரத் திட்டம், படிப்படியாக

எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது யாராவது ஒரு பெண் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு அழாத குறையாகப் பேசுவார். போன வருடம் புதிதாகச் சேர்ந்த பெண். “அக்கா, ப்ளவுஸ் வரல, மாவு அரைக்கல, திங்கட்கிழமைக்கு லீவும் கிடைக்கல. நான் எதை முதல்ல பார்க்கிறது?”

அவர் கேட்டது சரியான கேள்வி. ஆறு வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவளுக்குப் பண்டிகைக்கென்று தனியாக நேரம் கிடைக்கவே கிடைக்காது. வேலைகளை வரிசை மாற்றிப் போட்டால்தான் உண்டு. நான் வைத்திருக்கும் வரிசை இது: பிறர் கையில் இருப்பதை முதலில் முடி, கெடாததை அடுத்துச் செய், கெடுவதைக் கடைசியில் செய். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முறுக்கை நினைத்துக் கவலைப்படுவார்கள், தையல்காரரை மறந்துவிடுவார்கள். முறுக்கை இரவு பத்து மணிக்குக்கூடச் சுட்டுவிடலாம், தையல் கடையைத் திறக்கவைக்க முடியாது.

எல்லாம் திருச்சியில் இரண்டு பிள்ளைகளோடும் ஒன்பதரை முதல் ஆறு வரையான வேலையோடும் நான் செய்து பார்த்தவை. உங்கள் ஊர், வீட்டு வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, தேதி கிழிக்கும் காலண்டர் அல்லாமல் மாதம் முழுவதும் தெரியும் காலண்டர், காற்றுப் புகாத மூடி உள்ள மூன்று பெரிய சம்படம். ஃபோனில் பட்டியல் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். ஃபோன் உங்களிடம் மட்டும் இருக்கும், நோட்டு அடுக்களை மேடையில் இருக்கும். வீட்டில் மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதுதான் நோட்டின் வேலையே.

1. காலண்டரில் நாலு தேதியை வட்டமிடுங்கள்

தீபாவளி, ஆயுத பூஜை, போனஸ் அல்லது சம்பளம் கைக்கு வரும் நாள், பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை. இந்த நாலும் தெரியாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் கிடைக்கும். 2024-ல் ஆயுத பூஜை அக்டோபர் 11, தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 1, அக்டோபர் 20. ஆக, இடையில் முழுசாக இரண்டு அல்லது மூன்று சனி, ஞாயிறுகள்தான். அதில் கடைசி வாரக் கடைசியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அன்று கடைவீதியும் கூட்டம், வீடும் கூட்டம், நினைத்தது எதுவும் நடக்காது.

கீழே உதாரணத்துக்கு 2025-ன் தேதிகளையே எடுத்துக்கொள்கிறேன். அந்த வருடம் தீபாவளி திங்கட்கிழமை.

2. பட்டியலை வெட்டுங்கள்

இதை இரண்டாவது படியாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எத்தனை பலகாரம் என்று முடிவானால்தான் எவ்வளவு அரிசி, எத்தனை சம்படம், எத்தனை இரவு என்பது தெரியும்.

எங்கள் வீட்டுக் கணக்கு: வீட்டில் செய்வது ஒரு காரம், ஒரு இனிப்பு, தீபாவளி மருந்து. மற்றதெல்லாம் வாங்குவது. காரத்துக்குத் தேன்குழல், இனிப்புக்கு மாலாடு. இரண்டுமே பாகு பதம் பார்க்கத் தேவையில்லாதவை. மைசூர்பாகு, பாதுஷா போன்றவை ஒரு நிமிடம் தவறினால் போச்சு. அலுவலகம் முடிந்து வந்த களைப்பில் பதம் பார்ப்பது வீண் வம்பு.

இனிப்பில் இன்னும் ஒன்று செய்தே ஆக வேண்டும் என்றால் ஏழு கப் கேக் செய்யலாம். கடலை மாவு, பால், நெய், தேங்காய்த் துருவல் தலா ஒரு கப், சர்க்கரை மூன்று கப். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓரம் விட்டு வரும்வரை கிளறினால் முடிந்தது. ஆனால் தேங்காய் இருப்பதால் நாள் தாங்காது, அதைக் கடைசி இரண்டு நாளுக்கு வையுங்கள்.

வாங்குவதை எங்கே வாங்குவது? தெருவுக்கு ஒருவராவது வீட்டிலேயே ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்பவர் இருப்பார். மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன எண்ணெய், என்றைக்குப் பொரிப்பீர்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பத்து நாள் முன்பே பொரித்து அடுக்கியதை உங்களுக்குத் தந்தால், உறவினர் வீட்டுக்குப் போகும்போது அது நமத்திருக்கும்.

என் மாமியார் முதல் வருடம் தட்டைப் பார்த்து, “ரிப்பன் பக்கோடா கடையில வாங்கினதா?” என்று கேட்டார். “ஆமாம் அத்தை” என்றேன். இன்னொன்று எடுத்துக்கொண்டார். அந்தப் பயம் அதோடு போயிற்று.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, எத்தனை வீட்டுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று எண்ணாமலேயே செய்ய ஆரம்பிப்பது. பெயரை எழுதி எண்ணுங்கள். அக்கம்பக்கம் ஆறு, அலுவலகம் ஒன்று, வேலைக்கு வருபவர், வாட்ச்மேன், பள்ளி வேன் ஓட்டுநர் என்று கூட்டினால் பத்து, பன்னிரண்டு பெட்டி வரும். ஒரு பெட்டிக்கு மாலாடு நாலு, தேன்குழல் ஐந்து என்று வைத்தால் மாவின் அளவு தானாகத் தெரிந்துவிடும்.

3. பிறர் கையில் இருக்கும் வேலைகள்

நம் சாமர்த்தியம் எடுபடாத இடம் இது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குகிறோம்.

*ரயில் டிக்கெட்.* ஊருக்குப் போகிறவர்கள் மட்டும் படிக்கவும். இது ஒன்று மட்டும் ஆறு வாரத்துக்கும் முன்பே வரும் வேலை. முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது, பழைய நினைப்பில் இன்னும் சிலர் தேதியைத் தவறவிடுகிறார்கள். அக்டோபர் 17 வெள்ளி இரவு கிளம்ப வேண்டுமானால் ஆகஸ்ட் 18 காலை உட்கார வேண்டும். போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பும் டிக்கெட்டை மறப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. அது வேறு ஒரு நாள் காலையில் திறக்கும், அதையும் இப்போதே காலண்டரில் குறியுங்கள்.

*லீவு.* எல்லாரும் பண்டிகைக்கு முந்தின நாளுக்கோ மறுநாளுக்கோ விண்ணப்பிப்பார்கள், மேலாளர் பாதிப் பேருக்கு இல்லை என்பார். நான் பண்டிகையை ஒட்டிக் கேட்பதை விட்டுவிட்டேன். தீபாவளிக்கு ஐந்தாறு நாள் முன்னால், வாரத்தின் நடுவில் ஒரு நாள் எடுக்கிறேன். 2025 கணக்கில் அக்டோபர் 15, புதன். யாரும் போட்டிக்கு வராத நாள். பிள்ளைகள் பள்ளியில், கணவர் வேலையில், வீடு அமைதி. அந்த ஒரு நாளில் காலை ஒன்பது முதல் ஒரு மணிக்குள் முடியும் வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்றாலும் முடியாது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

*தையல்.* ஆயுத பூஜை கழிந்தால் தையல் கடைகளில் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை தொங்க ஆரம்பிக்கும். ஆகவே தைக்க வேண்டிய துணியைப் போனஸுக்குக் காத்திராமல் முன்பே வாங்கிவிடுங்கள், ரெடிமேடை மட்டும் போனஸுக்கு வையுங்கள். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, மேல்துணி கொசுவம் வைத்தாற்போல் நிற்கும். அளவுக்குக் கொடுக்கும் ப்ளவுஸ் இந்த வருடம் போட்டதாக இருக்கட்டும், மூன்று வருடம் முந்தையது வேண்டாம். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது எல்லாம் தனி ஆள், தனி நாள்.

தேதி கேட்கும்போது “தீபாவளிக்கு வேணும்” என்று சொல்லாதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். “அந்த வாரம் ஊருக்குப் போறேன், பத்தாம் தேதிக்குள் வேணும்” என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள். ஒரு வருடம் நான் முந்தின நாள் இரவு பத்து மணிக்குக் கடை வாசலில் நின்று வாங்கினேன். வீட்டில் வந்து போட்டால் ஒரு கை மட்டும் இறுக்கம். பழைய ப்ளவுஸோடு புதுச் சேலை கட்டிய தீபாவளி அது. பத்தாம் தேதி வாங்கியிருந்தால் திருத்த ஒரு வாரம் இருந்திருக்கும்.

*சிலிண்டர்.* பலகாரம் சுடும் வாரத்தில் தீர்ந்தால் அதோகதி. மாற்றுச் சிலிண்டர் முழுசாக இருக்கிறதா என்று மூன்று வாரம் முன்பே தூக்கிப் பாருங்கள். பண்டிகை வாரத்தில் எல்லாரும் பதிவு செய்வார்கள், வந்து சேரத் தாமதமாகும்.

*வீட்டு வேலைக்கு வரும் அக்கா.* அவருக்கும் தீபாவளி, அவரும் வேலைக்குப் போகும் அம்மாதான். எந்தெந்த நாள் வரமாட்டார் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் பாத்திரம் குவியும் வேலை வைக்காதீர்கள். போனஸை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் மாலை கையில் திணித்தால் அவர் தன் பிள்ளைகளுக்கு எப்போது துணி எடுப்பார்?

4. ஆயுத பூஜையிலேயே வீட்டைச் சுத்தம் செய்துவிடுங்கள்

இரண்டு பண்டிகைக்கு இரண்டு முறை ஒட்டடை அடிப்பது நாமே தேடிக்கொள்ளும் தொல்லை. ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைத் துடைக்கிறோம். அதோடு பரண், மின்விசிறி, திரைச்சீலை, சமையலறை அலமாரி எல்லாவற்றையும் முடித்துவிட்டால் தீபாவளிக்குப் பெருக்கி மெழுகுவது மட்டும் போதும். காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும், பிள்ளைகள் கைக்குக் கிடைப்பார்கள்.

இன்னொரு காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்குப் பிறகு திரைச்சீலையையும் போர்வையையும் துவைத்தால் இரண்டு நாள் ஹாலில்தான் காயும்.

சுத்தம் செய்யும்போதே முறுக்கு உரலை எடுத்து, அச்சு எல்லாம் இருக்கிறதா, கைப்பிடி திருகுகிறதா என்று பார்த்து வையுங்கள். தேன்குழல் அச்சு காணவில்லை என்பது எப்போதும் எண்ணெய் காய்ந்த பிறகுதான் தெரியவரும்.

5. வேலையைப் பிரிப்பதல்ல, ஒப்படைப்பது

முதலில் நான் செய்த தவறு, “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று கேட்டது. பட்டாசு வாங்கப் போன கணவர் கடையிலிருந்து மூன்று முறை ஃபோன் செய்தார். சங்குசக்கரம் எத்தனை, கம்பி மத்தாப்பு பெரிசா சின்னதா, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சேர்த்தா. நடை மட்டும்தான் அவருடையது, யோசிப்பது முழுக்க என் வேலையாகவே இருந்தது.

இப்போது நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் அவருடையது: பட்டாசு, டிக்கெட், சிலிண்டர், பரிசுப் பெட்டி, வாட்ச்மேனுக்கும் குப்பை எடுப்பவருக்கும் கொடுக்கும் பணம், விளக்குச் சரம். எப்போது, எவ்வளவு, எங்கே என்பதும் அவரே. முதல் வருடம் பெட்டி சிறிசாக வாங்கிவந்தார், மாலாடு மூன்றுதான் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை (சொல்லாமல் இருந்தது கஷ்டம்தான்). போய் மாற்றி வாங்கிவந்திருந்தால் அந்த வேலை மறுவருடம் என் பக்கத்துக்கே திரும்பியிருக்கும்.

பட்டாசை ரயிலில் எடுத்துப் போகக் கூடாது, அது சட்டப்படி குற்றம். ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே வாங்கட்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடுப்பில்லாத வேலையெல்லாம் தரலாம். மாலாடு பிடிப்பது, பெட்டியில் அடுக்குவது, பெயர் எழுதி ஒட்டுவது, அகல் விளக்கு கழுவித் திரி போடுவது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேலை கொடுப்பது நமக்கு இன்னொரு வேலை. அது மகிழ்ச்சிக்காக, நேரம் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம்.

6. மளிகையும் மாவு மில்லும்

மளிகைப் பட்டியலை இரண்டாக எழுதுங்கள். அரிசி, உளுந்து, பொட்டுக்கடலை, சர்க்கரை, வெல்லம், எண்ணெய், நெய், முந்திரி, ஏலக்காய் ஆகியவை மாதச் சாமானோடு முதல் தேதியிலேயே. வெண்ணெயும் இஞ்சியும் அவை தேவைப்படும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பு; தேங்காய், வாழைக்காய், வெற்றிலை கடைசி இரண்டு நாளில். ஒரே பட்டியலாக எழுதினால் ஒரு பொருள் விட்டுப்போனாலும் காந்தி மார்க்கெட் கூட்டத்தில் திரும்ப நுழைய வேண்டிவரும்.

தேன்குழல் மாவுக்கு ஒரு கிலோ பச்சரிசி, 200 கிராம் உளுத்தம்பருப்பு. அரிசியைக் கழுவி, வடித்து, துணியில் பரப்பி மின்விசிறிக்கடியில் நன்றாகக் காயவிடுங்கள். இரவு பரப்பினால் காலையில் காய்ந்திருக்கும். உளுந்தை வாசனை வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவந்துவிட்டால் தேன்குழல் வெள்ளையாக வராது.

மில்லுக்கு இரண்டு வாரம் முன்பே போங்கள். கடைசி வாரத்தில் வரிசை, போதாததற்கு கரண்டு போனால் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். போனதும் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்பது. மிளகாயோ மல்லியோ ஓடின எந்திரத்தில் உங்கள் அரிசி விழுந்தால் மாவு நிறமும் மாறும், வாசனையும் மாறும். “அண்ணே, அரிசி ஓடின பிறகு போடுங்க” என்று சொன்னால் கேட்பார்கள்.

மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அப்படியே சம்படத்தில் மூடினால் வியர்த்துக் கட்டி விழும். செய்தித்தாளில் பரப்பி, ஆறியதும் சலித்து மூடுங்கள்.

மில்லுக்குப் போக நேரமே இல்லை என்றால் கடை அரிசி மாவு நாலு கப்புக்கு வறுத்து அரைத்த உளுத்த மாவு ஒரு கப். நன்றாகவே வரும். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

7. இரவு அரை மணி வேலைகள்

இரவுச் சாப்பாடு முடிந்து அடுக்களை ஒழிந்த பிறகு அரை மணி நேரம். அதற்கு மேல் இழுக்கக் கூடாது, காலையில் எழ முடியாது. பெரிய வேலைகளிலிருந்து அடுப்பு தேவைப்படாத அல்லது பத்து நிமிடமே தேவைப்படும் துண்டுகளைக் கழற்றி இங்கே வையுங்கள்.

ஒரு நாள் சர்க்கரையோடு ஏலக்காய் போட்டுப் பொடிப்பது. ஒரு நாள் பொட்டுக்கடலை அரைத்துச் சலிப்பது. ஒரு நாள் முந்திரி உடைப்பது. ஒரு நாள் அரிசி கழுவிப் பரப்புவது. ஒரு நாள் வெண்ணெய் உருக்கி நெய் காய்ச்சுவது. ஒரு நாள் பிள்ளைகளின் புதுத் துணியைப் போட்டுப் பார்ப்பது. இந்தக் கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள். கடையில் சரியாக இருந்த பேன்ட் வீட்டில் நீளமாக இருக்கும், ஓரம் மடித்துத் தைக்க ஆள் தேட வேண்டும்.

தீபாவளி மருந்தும் இங்கே செய்துவிடலாம். நாட்டு மருந்துக் கடையில் ‘தீபாவளி மருந்துச் சாமான்’ என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகத் தருவார்கள். ஒரு இரவு வறுத்துப் பொடித்துவிடுங்கள். மறு இரவு இஞ்சிச் சாறும் வெல்லமும் சேர்த்துக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, ஓரம் விட்டு வந்ததும் இறக்கி, ஆறிய பின் தேன் கலந்துவிடுங்கள். ஒரு வாரம் முன்பே செய்தாலும் கெடாது.

8. பலகாரம்: எது முதலில், எது கடைசியில்

தேன்குழல், ஓமப்பொடி போன்ற காரம் ஒரு வாரம் முன்னால். மாலாடு, ரவா லாடு நாலைந்து நாள் முன்னால். தேங்காய், பால் சேர்ந்த இனிப்பும் குலோப் ஜாமூனும் முந்தின நாள். வடை, பஜ்ஜி அன்று காலை.

அதிரசம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயப்பட வேண்டியது போலத் தெரியும், உண்மையில் தோழி. பாகு சேர்த்த மாவை மூன்று நாலு நாள் முன்பே கிளறி மூடிவைக்கலாம். ஊற ஊறத்தான் நன்றாக வரும். சுடுவதை மட்டும் முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள். கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் 21 அதிரசம் படைப்பார்கள், அவர்களுக்கு இது கட்டாயம் உதவும். பாகு மட்டும் பதமாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் மெத்தென்று உருட்ட வர வேண்டும். பழக்கமில்லாதவர்கள் முதல் தடவை பண்டிகைக்காகச் செய்து பார்க்க வேண்டாம்.

*லீவு நாளில் தேன்குழல்.* பிள்ளைகள் கிளம்பியதும் தொடங்குங்கள். எல்லா மாவையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள், இதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பிசைந்த மாவு நேரம் ஆக ஆக நிறம் மாறும், எண்ணெய் குடிக்கும். இரண்டு கப் மாவு, ஒரு மேஜைக்கரண்டி வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு. உப்பைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள், கல் தங்கினால் எண்ணெயில் தெறிக்கும்.

எண்ணெயில் ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே மேலே வர வேண்டும், ஆனால் கருகக் கூடாது. பிழிந்து போட்டதும் சலசலவென்று சத்தம் வரும். நுரை அடங்கி, சத்தம் ஓய்ந்ததும் எடுங்கள். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், காதால் கேட்டு எடுங்கள். தேன்குழல் எண்ணெயில் உதிர்ந்து கரைந்தால் வெண்ணெய் அதிகம் என்று பொருள், கொஞ்சம் அரிசி மாவு சேருங்கள். கடக்கென்று கல்லாக இருந்தால் அடுத்த ஈட்டுக்கு ஒரு கரண்டி சூடான எண்ணெய் விட்டுப் பிசையுங்கள்.

தனியாக நின்றால் ஒரு கிலோ மாவுக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஒருவர் பிழிய ஒருவர் எடுத்தால் ஒன்றரை. இடையில் அலுவலக ஃபோன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுங்கள். காதுக்கும் தோளுக்கும் இடையில் ஃபோனை வைத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன் நின்ற ஒரு வருடம், என் முழங்கையில் இன்னும் தடம் இருக்கிறது.

நன்றாக ஆறின பிறகே சம்படத்தில் போடுங்கள். லேசான சூடு இருந்தாலும் உள்ளே ஆவி பிடித்து, மழை நாளில் மறுநாளே நமத்துவிடும்.

*மாலாடு, நாற்பது நிமிடம்.* பொட்டுக்கடலை மாவு இரண்டு கப், பொடித்த சர்க்கரை ஒன்றரை கப், நெய் முக்கால் கப், ஏலக்காய், வறுத்த முந்திரி. மாவும் சர்க்கரையும் முன்பே பொடித்து வைத்திருப்பதால் இன்று கலந்து பிடிப்பது மட்டும்தான். நெய் சூடாக இருக்க வேண்டும். ஆறின நெய்யை விட்டுவிட்டு, உருண்டை நிற்கவில்லை என்று மேலும் மேலும் நெய் விட்டால், இரண்டு மணி நேரத்தில் தட்டில் அப்பம் போல் பரவியிருக்கும். ஒரு பகுதி மாவுக்கு மட்டும் நெய் விட்டு, பிடித்து முடித்து, பிறகு அடுத்த பகுதிக்குச் சூடாக விடுங்கள்.

9. கடைசி இரண்டு நாள்

இந்த இரண்டு நாளும் தேங்காய், காய், வெற்றிலை தவிர வேறு எதற்காவது கடைவீதிப் பக்கம் போக வேண்டியிருந்தால் மேலே ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஒன்றும் குடிமுழுகாது, காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டு வாருங்கள். மாலையில் பெரியகடை வீதி, என்.எஸ்.பி. ரோடு பக்கம் கால் வைக்க இடம் இருக்காது.

முந்தின நாள் காலையில் இட்லிக்கு அரைத்துவிடுங்கள். மாலையில் பெட்டிகளைக் கொடுத்து முடியுங்கள். பண்டிகை அன்று கொடுக்கலாம் என்று வைத்தால், அன்று முழுவதும் அழைப்பு மணிக்கு ஓடிக்கொண்டே இருப்பீர்கள்.

வடைக்கு மாலையில் ஊறவைத்து, இரவு அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பும் வெங்காயமும் காலையில்தான். இரவே உப்புப் போட்டால் மாவு நீர்த்துவிடும், வடை எண்ணெய் குடிக்கும்.

படுக்கும் முன் ஒரு தாம்பாளத்தில் இவை இருக்கட்டும்: நல்லெண்ணெய், சீயக்காய், மஞ்சள், மருந்துக் கிண்ணம், தீப்பெட்டி. பூஜை அலமாரி முன் மஞ்சள் தடவிய புதுத் துணிகள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குவியலாக, உள்ளாடை உட்பட. இல்லையென்றால் காலை ஐந்து மணிக்கு நாலு குரல் “அம்மா, என் பனியன் எங்கே?” என்று கேட்கும். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். கோலத்தை முன்னிரவிலேயே போட்டால் மழை கரைக்கும் என்று சொல்வார்கள். கரைக்கட்டும், காலையில் ஒரு சின்னக் கோலம் போட்டுக்கொள்ளலாம்.

10. அன்று காலை

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் சில வருடங்களாக அனுமதிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முக்கியம் அந்த ஒரு மணி நேரம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஐந்தே முக்காலுக்குப் புதுத் துணி, ஐந்துக்குக் குளியல், நாலரைக்கு எண்ணெய், நாலு மணிக்கு வெந்நீர். பிள்ளைகளோடு கணவர் வாசலில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் இட்லி ஊற்றி வடை தட்டிவிடலாம். கறி எடுக்கும் வீடுகளில் கடைக்குப் போவதும் நோட்டில் யாருடைய பக்கத்திலாவது இருக்க வேண்டும். நேரம் கழித்துப் போனால் வரிசை தெரு முனை வரை நிற்கும்.

மதியத்துக்குப் பெரிய சமையல் வைக்காதீர்கள். பலகாரம் தின்ற வயிறு, ஒரு ரசம் சாதம் போதும் என்று சொல்லும். மூன்று வருடம் வடை பாயசத்தோடு இலை போட்டு, மூன்று வருடமும் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

11. மறுநாள் பத்து நிமிடம்

அலுவலகம் கிளம்பும் முன்போ பேருந்திலோ, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எது மிஞ்சியது, எது போதவில்லை, எது தாமதமானது என்று எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் மறந்துவிடும், அடுத்த வருடம் அதே அளவு அரிசியைத்தான் அரைப்பீர்கள். என் நோட்டில் போன தீபாவளிக்கு மறுநாள் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

தேன்குழல் மாவு அரைக் கிலோ குறைக்கவும். மாலாடு பற்றவில்லை, பொட்டுக்கடலை ஒரு கப் கூட்டவும். பெட்டி பதினாலு, பெரிய சைஸ் (அவரிடம் சொல்ல வேண்டாம், அவரே எழுதிவைத்திருக்கிறார்). சின்னவனுக்குச் சட்டை ஒரு சைஸ் பெரிதாக. ப்ளவுஸ் துணி செப்டம்பர் முதல் வாரம்.